வலி நின்ற மத்தியானம்

என்னங்க,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். உங்களோடு பேசினால் கத்தத்தான் வரும். கத்தினால் தையல் வலிக்கும்.

தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றேன். மருந்துக்கடைக்காரர் அல்லவா, "எல்லாம் கேஸ்தான்டி" என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு மாத்திரையை நீட்டினீர்கள். வலி இறங்கி வலப்பக்க அடிவயிற்றில் குத்தியது. வாந்தி, காய்ச்சல் வேறு. "அப்ப மலச்சிக்கலா இருக்கும்" என்று பேதி மருந்து கொடுத்தீர்கள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லும் வாய், எனக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை?

மத்தியானம் வலி சட்டென்று நின்றது. "பாத்தியா என் கைராசியை!" என்று கடை முழுக்கப் பீற்றிக்கொண்டீர்கள். சாயங்காலம் மயங்கி விழுந்த என்னைத் தூக்கி வந்தது என் தம்பி.

குடல்வால் வெடித்ததால்தான் வலி நின்றதாம். டாக்டரம்மா சொன்னார். வயிற்றைத் திறந்து, சீழைக் கழுவி எடுத்தார்கள். முதலிலேயே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்குமாம்.

நேற்று நீங்கள் வந்தபோது நான் வாயே திறக்கவில்லை. "உங்க அக்காவுக்குக் கோவம் ஆறிடுச்சு" என்று தம்பியிடம் சிரித்தீர்களாமே. சத்தம் அடங்கினால் சரியாகிவிட்டது என்று இன்னுமா நினைக்கிறீர்கள்?

இங்கிருந்து தம்பி வீட்டுக்குத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கைராசிக்குத் தப்பியவள்