இரண்டு கன்னமும் மூக்கும்

மார்ச் 4
இஸ்திரி அறையில் நீராவிக்கு முன்னால் நின்றதும் முகம் திகுதிகுவென்று எரிந்தது. "என்ன, கல்யாணப் பொண்ணு மாதிரி சிவந்துபோய் நிக்கறே?" என்றார் சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஹோட்டல் விரிப்புகளை வருடக்கணக்காகத் தேய்க்கிறேன், இப்படி ஆனதே இல்லை.

கழிவறைக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கன்னமும், மூக்கும். அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

மார்ச் 9
அது லூபஸ் நோய் என்று தெரிவதற்குள் அக்காவின் சிறுநீரகம் போய்விட்டது, பிறகு அவளும். எனக்கு இப்போது அவள் வயது.

மார்ச் 17
முகத்தில் என்ன என்று என் கணவர் கேட்டார். வெயில் என்றேன். அலமாரியில் அவருடைய அரிப்புக் களிம்பு கிடந்தது. தடவிக்கொண்டேன்.

மார்ச் 24
களிம்பு கேட்கிறது! சிவப்பு வடிந்துவிட்டது. ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 6
ஒருநாள் தடவாமல் விட்டால் முன்னைவிட மோசம். பருக்கள் வேறு. சூடாகக் காபி குடித்தாலே ஜிவுஜிவு என்கிறது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். அக்காவுக்குக் கண் உறுத்தியதா? அம்மாவுக்குத்தான் தெரியும். எப்படிக் கேட்பேன்? இன்னொரு மகளுமா என்று உடைந்துபோவாள்.

ஏப்ரல் 8
டாக்டரிடம் போக என்ன கேடு என்று அவர் சண்டை. நானும் கத்திவிட்டேன்: "போனா அதேதான்னு சொல்லிடுவாங்க. அப்புறம் நான் என்ன பண்றது?"

அவர் போனை எடுத்தார். நாளைக்கு லீவு சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 9
தோல் மருத்துவர், என் வயதுப் பெண். காய்ச்சலா, மூட்டுவலியா, வாய்ப்புண்ணா என்று துருவினார். எதுவும் இல்லை. களிம்பைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஸ்டீராய்டாம், முகத்தில் போடவே கூடாதாம்.

"பாத்தா ரோசேசியா மாதிரிதான் இருக்கு. முகம் சிவக்கும், கண்ணும் உறுத்தும். உயிருக்கு ஆபத்தில்ல, ஆனா அப்பப்போ வந்துட்டுப் போகும். அக்காவுக்கு லூபஸ் இருந்ததால ரத்தமும் பாத்துடலாம்."

'மாதிரி' என்றால்?

ஏப்ரல் 13
ரத்தத்தில் அது இல்லை. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுததில் முகம் இன்னும் சிவந்தது.

ஜூன் 2
ஜெல், மாத்திரை, வெளியே போனால் சன்ஸ்கிரீன். வேலையில் என்னைத் துணி மடிக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். பருக்கள் போய்விட்டன, லேசான சிவப்பு மிச்சம்.

அம்மா வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன், ரத்தப் பரிசோதனை வரை. குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீ அனுப்பின போட்டோலயே பாத்துட்டேன்டி. கேட்டா பயந்துடுவியேன்னுதான் கேக்கல."

அப்புறம் என் கட்டிலில் படுத்து, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல், மத்தியானம் முழுக்கத் தூங்கினாள்.