அட்டையின் நான்கு மூலைகள்

வெள்ளிக்கிழமை, இரவு.

தூத்துக்குடி போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ரெட்டியபட்டி வந்து சேர்ந்தேன். உகாண்டாவுக்கு நூல் மில் வேலைக்குப் போக இந்த ஊசி இல்லாமல் முடியாது. விமானம் ஏறப் பத்து நாளைக்கு முன்பே போட்டாக வேண்டும். போட்டதற்கு அத்தாட்சியாக ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். "இதுல அழிச்சாலோ அடிச்சு எழுதினாலோ செல்லாது, பத்திரமா வச்சுக்கங்க" என்று நர்ஸம்மா இரண்டு தடவை சொன்னார்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் மனைவி செல்வி அதைச் சாமி படத்தடியில் வைத்து, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவிவிட்டாள். குங்குமம் வைக்கப் போன கையை எட்டிப் பிடித்தேன்.

"என்ன காரியம்டி பண்ணிட்ட!"

"மொதமொதல்ல வெளிநாடு போறீக. வெறுங்காயிதமாவா கொண்டு போறது?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

துடைத்தால் எழுத்தும் சேர்ந்து அழியுமோ என்று பயந்து, ஃபேனுக்கடியில் பிடித்துக் காயவைத்தேன். பிறகு டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தடவிய இடமே தெரியவில்லை. மஞ்சளோடு மஞ்சளாகப் போய்விட்டது.

"எங்க தடவுன, காட்டு."

அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு ஊசி போட்ட கை வலியெடுத்தது.

அட்டை இப்போது பக்கத்தில்தான் இருக்கிறது. வாசம் மட்டும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், உகாண்டாவில் எந்த அதிகாரி மோந்து பார்க்கப் போகிறார்?