ஹாரனை முந்தும் லாரி

தை 12, திங்கள்
விடியலிலிருந்து பனிமூட்டம். மிளகு காயவில்லை. வெள்ளியன்று மேல்நிலைப் பள்ளியில் கருந்துளை பற்றிப் பேச வேண்டும். குறிப்பு பாதி.

மதியம் டாக்டர் போன். என் மனைவி பொன்னாயியின் வயிற்றுவலிக்கு எடுத்த சோதனை முடிவு. கணையத்தில் புற்று. ஈரலுக்கும் பரவிவிட்டது. "கூட்டிட்டு வாங்க சார். பக்குவமா நீங்களே சொல்லிருங்க."

உள்ளே கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். "போனுல யாருங்க?" பள்ளிக்கூடம் என்றேன்.

தை 13, செவ்வாய்
சொல்லவில்லை. வழக்கம்போல் குறிப்பை அவளிடம் படித்துக் காட்டினேன்.

கருந்துளை எல்லாவற்றையும் விழுங்குவதில்லை. சுழன்று விழும் வாயுவில் ஒரு பங்கு வெளியே பீய்ச்சப்படுகிறது. அது சுற்றியுள்ள விண்மீன் திரளின் வாயுவில் மோத, அதிர்ச்சி அலை கிளம்புகிறது.

"அதிர்ச்சியா? அங்க யாருங்க செத்தாங்க?" சிரித்தாள். வலியில் பாதியில் நிறுத்தினாள்.

லாரி உதாரணம் சொன்னேன். கொண்டை ஊசி வளைவில் லாரிக்கு முன்னே ஹாரன் சத்தம் வரும். ஒதுங்கிவிடுவோம். தன் ஹாரன் சத்தத்தையே முந்திக்கொண்டு லாரி வந்தால்? அதிர்ச்சி அலை அப்படித்தான். எதிரே இருக்கும் வாயுவுக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது.

"பாவமுங்க" என்றாள்.

சோறு அப்படியே அவள் தட்டில்.

தை 14, புதன்
செம்மேடு கடைவீதியில் வாங்கியது: பிளாஸ்க், துண்டு, ஆரஞ்சு.

"பிளாஸ்க் எதுக்குங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"துண்டுமா?"

குறிப்பை எடுத்தேன். அலை கடந்த வாயு கொதித்துப்போகும். சூடு தணிந்து திரண்டால்தான் புது விண்மீன். கொதிக்கும் பாகில் உருண்டை பிடிக்க முடியாது, அதுபோல. கேட்டுக்கொண்டே துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

தை 15, வியாழன்
தலைமையாசிரியருக்குப் போன்: நாளை வர இயலாது. பேசி முடித்துத் திரும்பினால் வாசற்படியில் பொன்னாயி.

"ஏனுங்க, மூணு நாளா என் மொகத்தப் பாத்துப் பேசல நீங்க. எனக்கு என்னமோ வருதுங்களா?"

"அது வந்து, இப்போ ஒரு..."

"உதாரணம் வேண்டாமுங்க. ஹாரன் அடிங்க."

சொன்னேன். புற்று என்ற சொல்லையும் சொன்னேன்.

உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அங்கிருந்தே, "பனி எறங்குது. மொளக அள்ளுங்க" என்றாள்.

அள்ளினேன். நாளை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு. பாதி மிளகு இன்னும் ஈரம்.