அவர்கள் பேசிக்கொள்ள ஓர் ஆள்

மார்ச் 3

அன்புள்ள சின்னவனுக்கு,

மாத்திரை போட்டுக்கொண்டாயா என்று முதல் வரியிலேயே கேட்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன். அக்காவும் நானே, மனநல மருத்துவரும் நானே, என்ன செய்ய?

இங்கே என்னைக் குடும்ப சிகிச்சைப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். தூக்கம் எப்படி, பசி எப்படி, இந்தா சீட்டு, அடுத்த ஆள் என்று ஓடிப் பழகியவளை ஒரு குடும்பத்தோடு ஓர் அறையில் அடைத்துவிட்டார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னாலிருந்து ஆசிரியை பார்க்கிறார். உள்ளே இருப்பவர்களுக்கு அவர் தெரியமாட்டார்.

வந்தது ஒரு தையற்காரர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போக மறுக்கும் மகள். நான் அந்தப் பெண்ணையே குடைந்துகொண்டிருந்தேன். மேசைமேல் போன் அடித்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆசிரியை.

"பொண்ணை விடுங்க டாக்டர். அவ ஸ்கூலுக்குப் போகாத நாள்ல அப்பா என்ன செய்வார்னு கேளுங்க."

கேட்டேன். "கடைய தெறக்க மாட்டேன். அவகூட வீட்டுல இருப்பேன்" என்றார்.

"இல்லைன்னா இந்த மனுஷன் வீடு தங்குவாரா?" என்றாள் மனைவி.

பெண் தரையைப் பார்த்தாள். என் அறைக்கு வந்திருந்தால் அவளுக்கு மட்டும் மாத்திரை எழுதி அனுப்பியிருப்பேன்.

அச்சக வேலை என்ன ஆயிற்று? எழுது.

உன் அக்கா

மார்ச் 15

அக்கா,

மாத்திரை போட்டாயிற்று. நிம்மதியாக மேலே படி.

அச்சகத்தில் வரச் சொல்லிவிட்டார்கள். வேறு ஊர், தங்கவும் இடம் உண்டு. வீட்டில் சொன்ன அன்றே அம்மாவுக்குத் தலைசுற்றல். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். "நீயும் போயிட்டா நான் யார் முகத்தைப் பாக்கறது?" என்கிறாள் அம்மா. அப்பா பக்கத்து அறையில்தான் இருக்கிறார், காது கேட்கிற தூரத்தில்.

உனக்குத் தெரியாததா? இந்த வீட்டுத் தபால்காரன் நான். "உங்கப்பாகிட்ட சொல்லு, டீ ஆறுது." "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்கு வேணாம்." மூவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருப்போம். எனக்கு முடியாமல் போனால்தான் அவர்கள் ஒரே வண்டியில் ஏறுகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு. அந்தத் தையற்காரர் மகளைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்க முடியவில்லை.

மறுபடி தூக்கமில்லை. ஜன்னலைத் திறந்தாலும் மூச்சு முட்டுகிறது. டாக்டரிடம் போகலாமா என்று இருவரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்.

சின்னவன்

மார்ச் 22

சின்னவனே,

மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே. உன் நோய் பொய்யில்லை. ஆனால் அது உனக்குள் மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது. தெரிந்தும் கையைக் கட்டிப் போட்டதுபோல் இருக்கிறது.

நம் நாலு பேரையும் நானே உட்கார வைத்துப் பேசட்டுமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். "அந்த வீட்டுல நீங்க டாக்டர் இல்லம்மா, பொண்ணு" என்றார். அவரிடம் படித்த மருத்துவர் ஒருவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறாராம்.

அப்பாவிடம் சொன்னேன். "சீக்காளி அவன். நாங்க எதுக்கு?" என்றார். அம்மா போனைப் பிடுங்கி, "படிச்ச படிப்பை எங்க மேலயே காட்டுறியா?" என்றாள். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தடவை என்று சம்மதிக்க வைத்திருக்கிறேன். போய் வா, ராஜா.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

போய் வந்தோம். அந்த டாக்டர் என்னிடம் தூக்கத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அவர்களைப் பார்த்து, "இவர் வேலைக்குப் போயிட்டா சாயங்காலம் உங்க வீட்டுல என்ன நடக்கும்?" என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் நடக்காது" என்றார் அப்பா.

"ஆமா. ஒண்ணுமே நடக்காது" என்றாள் அம்மா. அழுதுவிட்டாள். அப்பா அவளைப் பார்த்தார், அக்கா. நேராகப் பார்த்தார். உடனே, போதும் என்று எழுந்துவிட்டார்.

வரும் வழியெல்லாம் உனக்குத்தான் திட்டு. நீ பெற்றவர்களைச் சந்தியில் நிறுத்திவிட்டாயாம், இனி இந்த வாசல்படி மிதிக்கக் கூடாதாம். அப்பா ஆரம்பித்தால் அம்மா முடிக்கிறாள், அம்மா மூச்சு வாங்கினால் அப்பா தொடர்கிறார். என் வழியாக எதுவும் போகவில்லை. அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீ மன்னிப்புக் கேட்டுவிட்டால் அவர்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது, மறுபடி நான்தான். நான் கிளம்பும்வரை நீ கெட்டவளாகவே இருக்க முடியுமா?

சின்னவன்

ஏப்ரல் 14

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறாய், அவ்வளவுதான். யாரும் குணமாகிவிடவில்லை. மருத்துவராக நான் இதற்குச் சம்மதிக்கக் கூடாது. கிளம்பிய பிறகும் இதிலிருந்து என்னால் எழுந்திருக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

நேற்று அப்பா போன் செய்தார். மன்னிப்பு வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவர் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் ஓய்ந்தபோது, பின்னாலிருந்து அம்மா சொன்னது தெளிவாகக் கேட்டது: "ஏங்க, அவளை இன்னும் நல்லாக் கேளுங்க."

நீ பெட்டியைக் கட்டு.

உன் அக்கா