உச்சியை இழுத்தபோது

பிரியமுள்ள எறும்பெழுத்துக்காரிக்கு,

நானும் மகளும் சுகம். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நான் கை வைக்கவில்லை, அதனால்தான் நின்றது என்கிறாள் உன் மகள். அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு வேளைக்கு மருந்து கொடுக்கிற அவசரத்தில் நீ சாப்பிட மறந்துவிடாதே.

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியை முன்னால் என் மாதிரி வகுப்பு நடந்தது. கரும்பலகையில் வெறுங்கையால் வட்டம் போட்டே காலம் தள்ளியவன் நான். இனி முக்கோணத் தேற்றங்களைக் கணினியில் வரைந்து, இழுத்துக் காட்ட வேண்டுமாம். காட்டினால் ஒன்பதாம் வகுப்பு என்னிடம் இருக்கும்; இல்லையென்றால் நூலகத்தில் போய் உட்கார வேண்டியதுதான். பத்து நாள் மகளிடம் பாடம் கேட்டேன். உன்னைப் போலவே அவளுக்கும் பொறுமை கிடையாது.

மூன்று நடுக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும் படத்தை முந்தின நாளே வரைந்து வைத்திருந்தேன். திரையில் கச்சிதமாகத் தெரிந்தது. முக்கோணம் எப்படி மாறினாலும் சந்திப்பு மாறாது என்று பெருமையாகச் சொல்லி, உச்சியை இழுத்தேன். கோடுகள் ஆளுக்கொரு திசையில் போயின. நடுவில் ஒரு குட்டி முக்கோணம் பல்லைக் காட்டியது. நடுப்புள்ளிக்கான பொத்தான் என்று நினைத்து, வெறும் புள்ளிக்கானதை அழுத்தியிருக்கிறேன். புள்ளிகள் கோட்டில் ஒட்டாமல் சற்றுத் தள்ளியே இருந்திருக்கின்றன. வகுப்புக்கே அது தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள். அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த நம் மகள் எழுந்து, "மேடம், நேத்து நான்தான் அந்தப் படத்தைத் தொட்டுக் கெடுத்துட்டேன்" என்றாள். பச்சைப் பொய். தலைமையாசிரியை அவளைத் திட்டித் தீர்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. எனக்கு அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார்கள்.

திரும்பும்போது பேருந்தில் அவள் ஒன்றுதான் கேட்டாள். "எப்பலேருந்துப்பா கண்ணு இப்படி இருக்கு?"

நான்கு மாதமாக. கண்ணாடி மாற்றிப் பயனில்லை, போனது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உன்னிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கடிதம் ஏன் தடித்த பேனாவில் இத்தனை பெரிதாக இருக்கிறது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் போன கடிதத்தை நான் படிக்கவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தேன், எழுத்து பெரிதானதே தவிரத் தெளியவில்லை. 'இன்னும் மூன்று வருடம்', 'கையெழுத்து' என்ற சொற்கள் மட்டும் பிடிபட்டன. உறைமேல் 'உங்களுக்கு மட்டும்' என்று நீ கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் மகளிடமும் கொடுக்க மனம் வரவில்லை. பிறகு போனில், "படிச்சீங்களே, என்ன சொல்றீங்க?" என்று கேட்டாய். நான் படித்தவன் மாதிரி, "உன் இஷ்டம்" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். நீ எதைக் கேட்டாய், நான் எதற்குச் சம்மதித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேலை ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்; கையெழுத்துப் போட்டுவிட்டாயா? போடவில்லையென்றால் கொஞ்சம் பொறு. வருகிறாயா, அங்கேயே இருக்கிறாயா என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. தாளை மிச்சம் பிடிக்காதே. பக்கம் முழுக்க அந்த ஒரு வார்த்தைதான் இருக்க வேண்டும்.

எது எழுதினாலும் நீ நன்றாக இரு.

உன் வீட்டுக்காரன்