வேகவைத்த மணல்

தம்பி,

போன வாரம் கிளினிக்கில் மீன் தொட்டிக்குப் புது மணல் வந்தது. உன் இடத்துக்கு வந்திருக்கும் நேபாளத்துக்காரர் கத்தரியால் பையின் மூலையை வெட்டியதும் ஈரச் சிப்பி வாடை ரிசப்ஷன் முழுக்கப் பரவிவிட்டது. பல் காட்ட வந்து உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் கையிலிருந்த ஃபைலை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். லீவுக்கு ஊருக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய் என்று உன் ரூம்காரர் போனில் சொல்லி ஒன்பது மாதம் ஆகிறது. அன்றைக்கு அழாதவள், அந்த வாடையில் அழுதேன்.

சார்ஜாவில் இந்தப் பல் கிளினிக்கில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரமே உன்னைப் பார்த்தேன். முவைலா ஏரியாவில் இருந்த உன் மீன் தொட்டிக் கம்பெனியிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டு வாளியும் ஒரு நீளக் குழாயுமாக வந்து இறங்குவாய். நான் குமரிக் கடற்கரை, நீ தூத்துக்குடிப் பக்கம். என்னைவிட ஐந்து வயது சின்னவன் என்று தெரிந்ததும் எல்லோரையும்போல 'சிஸ்டர்' என்று கூப்பிடாமல் 'அக்கா' என்றாய். என்ன வேலை இது என்று கேட்டதற்கு, "எங்க அப்பா மீனப் பிடிச்சாவ. நான் மீனுக்குப் பாய் விரிக்கேன்" என்றாய்.

பாய் என்று நீ சொன்னது மணலைத்தான். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது மணலைப் பையில் வாங்குவானேன் என்று நான் வாய் கொடுத்தேன். "கடற்கரை மண்ணுல எண்ணெ இருக்கும், சிகரெட் துண்டு இருக்கும், அள்ளுனா போலீசும் இருக்கும்" என்றாய். பிறகு பவளமும் சிப்பியும் பொடிந்த அந்த வெள்ளை மணலை என் உள்ளங்கையில் கொட்டி, விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னாய். "மாவா இருந்தா மோட்டார் ஓடுனதும் பறந்து கண்ணாடியில அப்பும். சரளையா இருந்தா மீன் தின்னதும் கழிச்சதும் இடுக்குல மாட்டி நாறும். ரவைப் பதந்தான் அக்கா சரி. இந்த மஞ்சக்காரனுக்கும் அதுதான் மெத்த."

மஞ்சக்காரன் என்றது, சாயங்காலமானால் மணலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து புதைந்து தூங்கும் அந்த மஞ்சள் மீனை. அது காணாமல் போய்விட்டது என்று நான் முதல் நாள் பதறிப்போய் உனக்குப் போன் செய்ததை வைத்து ஒரு வருடம் கேலி செய்தாய்.

என் புத்தி உனக்குத் தெரியும். சுத்தம் என்றால் எனக்குப் பித்து. கண்ணுக்குத் தெரியாமல் உயிரோடு இருக்கும் எதுவும் எதிரி என்றுதான் நான் படித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மணல் மேல் பழுப்பாக ஏதோ படர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். மொத்தத்தையும் மாற்று என்று உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ அசையவில்லை. மேலாப்பில் குழாயை வைத்து மூன்றில் ஒரு பங்கை மட்டும் உறிஞ்சி எடுத்தாய். "அது அழுக்கு இல்லக்கா. மண்ணுக்குள்ள உசுரு இருக்கு. அதுதான் மீனோட கழிவ எல்லாம் தின்னு தீக்குது. ஒரே நாள்ல மொத்தத்துலயும் கை வைக்கக் கூடாது" என்றாய். சோம்பேறி, வேலைக்குச் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது சொல்வதற்கென்ன, அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கிளினிக் விடுமுறை. சர்ச்சில் பூசை முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு நேரே அங்கே போனேன். தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து மீன்களை அதில் விட்டேன். மணலைக் கிண்ணம் கிண்ணமாக அள்ளிக் குழாய்த் தண்ணீரில் அலசினேன். பிறகு, பல் வைத்தியக் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இருக்கிறதே, அதில் தட்டுத் தட்டாகப் பரப்பி வைத்து எடுத்தேன். ஒன்பது தடவை. ஆறவைத்துத் திரும்பத் தொட்டியில் பரப்பியபோது சீனி கொட்டியதுபோல வெளுப்பாக இருந்தது. போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அத்தனை பெருமை.

சனிக்கிழமை காலையில் தண்ணீர் பால் கலந்ததுபோல இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. உனக்குப் போன் செய்தேன். வேறு டூட்டியை விட்டுவிட்டு வந்தாய். ஒரு பிடி மணலை எடுத்து மோந்து பார்த்தாய்.

"மண்ண என்ன செஞ்சிய?"

"ஆட்டோகிளேவுல வச்சேன் தம்பி."

"வேக வச்சிட்டியளா?"

முதலில் சிரித்துவிட்டாய். தொட்டியைத் திரும்பிப் பார்த்ததும் உன் சிரிப்பு நின்றது. "தின்னு தீக்க ஆளே இல்லாம பண்ணிட்டிய. அதுக கழிவே அதுகளுக்கு வெசமா ஆயிட்டுருக்கு" என்றாய்.

எனக்கு மீனைப் பற்றிய நினைப்பு அப்போது இல்லை. அதையும் ஒத்துக்கொள்கிறேன். ப்ரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. வீட்டுக்காரர் கட்டட சைட்டில் விழுந்து முதுகு ஒடிந்து ரூமில் படுத்திருந்தார். இரண்டு பெண் பிள்ளைகளும் இங்கேதான் பள்ளிக்கூடம். நால்வர் விசாவும் என் வேலையில் தொங்கியது. இதையெல்லாம் உன்னிடம் ஒரே மூச்சில் கொட்டி முடிப்பதற்குள் டாக்டர் வந்துவிட்டார். பயந்து அழும் குழந்தைகள் பார்த்துச் சமாதானமாகட்டும் என்று அவர் ஆசையாக வைத்த தொட்டி அது. யார் கை வைத்தது என்று ஹிந்தியில் கத்தினார்.

"நான்தான் டாக்டர். இன்ஸ்பெக்‌ஷன் வருதேன்னு மண்ண மொத்தமா சுத்தம் பண்ணிட்டேன். தப்புதான்" என்று நீ ஹிந்தியில் சொன்னாய்.

உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் உன்னை ஏசினார். உன் கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் சொன்னார். நான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம், துபாய் சத்வாவில் நீ பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஹோட்டல் தொட்டியிலிருந்து ஒரு பை பழுப்பு மணல் கொண்டுவந்தாய். என் வெள்ளை மணல் மேல் அதைத் தூவினாய். "பாலுக்கு உறை ஊத்துறோம்ல, அது மாதிரிதான்" என்றாய். மூன்று வாரம், டூட்டி முடிந்து தினமும் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினாய். ஒரு மீன் செத்தது. மற்றவை பிழைத்தன. மஞ்சக்காரன் ஐந்தாம் நாள் மணலுக்குள்ளிருந்து தலை நீட்டினான்.

நன்றி சொல்ல வந்தபோதெல்லாம் என் வாயை அடைத்துவிடுவாய். "எனக்கு ஒரு நாள் ஏச்சு. உங்களுக்குன்னா ஊருக்கு நாலு டிக்கெட். எது தேவல? கலாஸ், முடிஞ்சுது, விடுங்க" என்பாய்.

ஒரு நாளோடு போகவில்லை தம்பி. டாக்டர் அதை ஏழு வருடம் விடவில்லை. உன்னைப் பார்த்ததும், "இன்று மணலை விட்டு வைப்பாயா?" என்று கேட்பார். நீ சிரிப்பாய். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. அதற்குள் நான் வேலையில் நிரந்தரமானேன், ஹெட் நர்ஸானேன். வீட்டுக்காரர் எழுந்து நடந்து, இப்போது ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். மூத்தவள் காலேஜ் முடித்துவிட்டாள். முதலில் பயத்தில் வாயை மூடியிருந்தேன். பிறகு வெட்கத்தில். கடைசியில் அதுவே பழகிவிட்டது.

போன வாரம் மணல் பையைப் பிரித்த சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். புதியவரிடம், "பார்த்துச் செய். முன்னால் இருந்தவன் தங்கமான ஆள், ஆனால் வேலை தெரியாதவன். ஒரு தடவை தொட்டியையே நாசமாக்கிவிட்டான்" என்றார்.

வேலை தெரியாதவன் என்றார், உன்னை. என்னால் தாங்க முடியவில்லை. உன்னை ஏசியது எல்லோர் முன்னாலும் அல்லவா? நானும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "டாக்டர், அது அவன் இல்லை. நான். மணலை ஆட்டோகிளேவில் வைத்தேன். தொட்டியைக் காப்பாற்றினவன்தான் அவன்." ஆட்டோகிளேவிலா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு புதியவரிடம், "அந்த ஆள் எப்படிச் செய்வான் என்று சிஸ்டரிடம் கேட்டு அப்படியே செய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை உன் மனைவிக்குப் போன் செய்தேன். அவளிடம் நான் பேசுவது அதுதான் முதல் தடவை. யாரென்று சொல்லி, மணல், கிளினிக் என்று தட்டுத் தடுமாறி ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் சட்டென்று குரல் மாறியது.

"மண்ண வேக வச்ச அக்காவா? ஐயோ, அது நீங்கதானா! ஒவ்வொரு லீவுக்கும் வந்து இந்தக் கதையச் சொல்லாம போவ மாட்டாவ. யாருன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டாவ. 'ஒரு அக்கா, நல்லா இருக்காவ, அது போதும்'பாவ."

சிரித்தாள் தம்பி. அழுகையும் சேர்ந்துதான், ஆனால் சிரித்தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டாள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது: ஒன்பது தடவை வேகவைத்தது, வெள்ளை மணல், மஞ்சக்காரன். டாக்டர் வந்ததும், நீ சொன்னதும், ஏச்சு வாங்கியதும் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அதை நீ அவர்களிடம் சொல்லவே இல்லை. அந்த மிச்சக் கதை இத்தனை வருடமாக என்னிடம் மட்டும்தான் இருந்திருக்கிறது.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

பிறகு உன் சின்ன மகள் கேட்டாள், "எங்க அப்பாவா 'நான்தான்'னு சொன்னாவ?"

"ஆமா மக்களே," என்றேன். "உங்க அப்பாதான்."