முன்சக்கரத்துக்கு ஒரு கெட்டி டயர்

சேசு மரி சூசை துணை

மரக்காணம்,
செப்டம்பர் 14, ஞாயிறு.

அன்பு மகன் மார்ட்டினுக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரை மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்கிறேன், வலது காலில் புதிதாகப் புண் எதுவும் வரவில்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது இவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்குத் தெரிவது உன் நெற்றியும் பின்னால் சுற்றுகிற ஃபேனும்தான். நான் ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்கிறாய், நானும் சரி வை என்று சொல்லிவிடுகிறேன், வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதி நம்பகமான ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். யார் கையில் என்பது இதை வாங்கும்போதே உனக்குத் தெரிந்திருக்கும். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் டயர்.

போன மாதம் போனில் என்னமாய்க் கத்தினாய். அஞ்சு மாதத்தில் ஒரு முன்டயர் எப்படித் தேயும், அந்த மூணு சக்கர வண்டியை விற்றுத் தொலை, உப்பளத்துக்கு ஷேர் ஆட்டோவில் போ என்றாய். நான் போனை வைத்துவிட்டேன், கோபம்தான். அந்த வண்டியை விற்கச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது. என் பாதத்தில் பாதியை எடுத்த பிறகு இனி பைக் ஓட்ட முடியாது என்று நான் மூலையில் உட்கார்ந்திருந்தபோது, உன் பைக்கை நீயேதான் புதுச்சேரிக்கு ஓட்டிப் போய், பின்சக்கரத்தைக் கழற்றி இரண்டு சக்கரம் வைத்து, பின்னால் ஒரு தட்டு அடித்து, கால் பிரேக்கைக் கைக்கு மாற்றிக் கொண்டுவந்து நிறுத்தினாய். மூணாம் மாதம் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டாய். டேங்கில் நீ ஒட்டின கழுகு ஸ்டிக்கரில் ஒரு றெக்கை இன்னும் உரியாமல் இருக்கிறது. பின்பக்கம் புதுச்சேரிக்காரன் செய்தது, முன்பக்கம் அப்படியே உன் பைக். விடிந்ததும் அதில்தான் உப்பளத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டுப் பாத்திக்குத் தண்ணீர் விடுகிறேன், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறேன். ஆட்டோவில் போனால் வேலைக்குப் போகலாம், வேறெங்கே போவது.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன், திட்டாதே. போன மாதக் கடைசியில் லேசான தூறலில் கூனிமேடு வளைவில் ஹேண்டிலைத் திருப்புகிறேன், வண்டி திரும்பவில்லை. முன்சக்கரம் வழுக்கிக்கொண்டே நேராகப் போய் வேலிக்கருவையில் நின்றது. முழங்கையில் முள் கிழித்ததோடு சரி. இரண்டு பேர் தூக்கி நிறுத்திக் கொடுத்தார்கள். மறுநாள் திண்டிவனம் ரோட்டில் கடை வைத்திருக்கிற மெக்கானிக் தட்சணாமூர்த்தியிடம் கொண்டுபோனேன். அவர் முன்டயரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, டாக்டர்கூட என் காலை அப்படிப் பார்த்ததில்லை. நடுவிலும் கோடு இல்லை, இரண்டு ஓரத்திலும் இல்லை, மொட்டை. நடு தேய்ந்தது என் புத்திசாலித்தனமாம். காற்று அதிகம் அடித்தால் டயர் அதிக நாள் வரும் என்று கல் மாதிரி அடித்து வைத்திருந்தேன். ஓரம் தேய்ந்தது வண்டியின் குணமாம். இரண்டு சக்கர வண்டி வளைவில் சாய்ந்து போகும், இது சாயாது, ஹேண்டிலைத் திருப்பத் திருப்ப முன்சக்கரம் ரோட்டைத் தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். போதாததற்கு அது கடையில் நாலு வருடம் கிடந்த டயர். பக்கவாட்டில் இருக்கிற நாலு எண்ணில் எந்த வாரம் எந்த வருடம் செய்தது என்று இருக்கிறதாம், எனக்கு என்ன தெரியும், பளபளவென்று இருந்தது, வாங்கிவிட்டேன்.

எல்லாம் சொல்லி முடித்து அவர் கேட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது. "பெரியவரே, உப்பளத்துக்குப் போயிட்டு வர்றதோட சரின்னா இது எப்படியும் ஒண்ணரை வருஷம் வந்திருக்கணும். நீங்க எங்கயோ தூரமா போறீங்க." உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடித்து மீட்டர் நின்றுபோய் ஒரு வருடம் ஆகிறது, அதனால் யாருக்கும் தெரியாது என்று இருந்தேன். டயர் காட்டிக்கொடுத்துவிட்டது. அவரிடம் மழுப்பிவிட்டேன், உன்னிடம் மழுப்ப மாட்டேன். வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் நான் கோட்டக்குப்பம் போகிறேன். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது.

போன வருடம் காலுக்குக் கட்டு மாற்றப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது கோட்டக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். பக்கத்தில் இரண்டு பேர் மஸ்கட் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், லீவில் வந்தவர்கள். முக்கால் மணி நேரம் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் வெளிநாட்டில் இருக்கிறார், எப்போது போனாலும் யாராவது ஒருவர் லீவில் வந்திருக்கிறார். அதற்குப் பிறகு கால் தானாக அங்கேதான் போகிறது. வேறென்ன செய்ய, சொல். உப்பளத்திலிருந்து வந்தால் வீட்டில் பேச ஆளில்லை. அரை ஆழாக்கு அரிசி வடித்தால் அதிலும் மிஞ்சுகிறது. டிவியைச் சத்தத்துக்காகப் போட்டு வைக்கிறேன், என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. அடுத்த வீட்டுச் சகாயசெல்வி ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும், பாவம் அதற்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. உன் அம்மா போன பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இந்த வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை, இதுதான் உண்மை. டீக்கடையில் உட்கார்ந்தால் உன் ஊர்ச் செய்தி கிடைக்கிறது. மஸ்கட் ரூவியில் எந்தச் சந்தில் மலையாளி மெஸ் இருக்கிறது, கோடையில் எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துவார்கள், தண்ணீர் டேங்க் கொதித்தால் எப்படிக் குளிப்பார்கள், எல்லாம் தெரியும். அன்றைக்கு மத்தியானம் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஆறவைத்துக்கொள் என்று நான் சொன்னதும் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாயே, இப்படித்தான்.

தட்சணாமூர்த்தி இரண்டு டயர் காட்டினார். ஒன்று வழக்கமான முன்டயர், நீளவாக்கில் கோடு போட்டது, ஹேண்டில் பூ மாதிரி திரும்பும், ஆனால் என் ஓட்டத்துக்கு ஆறு மாதம். இன்னொன்று பால் கேன் கட்டி ஓட்டுகிறவர்கள் பின்னால் போடுகிற கெட்டி டயர், கட்டம் கட்டமாக இருக்கிறது, ரப்பரும் கடினம், பாரம் தாங்கும். அதை முன்னால் போட்டால் மூன்று மடங்கு வரும், ஆனால் ஹேண்டில் கனக்கும், மட்கார்டைத் தூக்கிப் பூட்ட வேண்டும், ஈர ரோட்டில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். எத்தனை நாளைக்கு ஓட வேண்டும் என்று கேட்டார். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடினால் போதும், என் பையன் வருகிறான், அவன் வந்துவிட்டால் நான் எங்கே போகப்போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். நீதானே சொன்னாய், இந்தத் தடவை லீவு கேட்டிருக்கிறேன் என்று. கோடு போட்ட டயரையே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, கையில் பணம் சேரும்வரைக்கும் ஓட்ட அவரிடம் கிடந்த பழைய டயரை மாட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் டீக்கடையில் கலிமுல்லா பாயைப் பார்த்தேன். புது ஆளாக இருக்கிறாரே என்று வழக்கம்போல எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்டேன், உன் கம்பெனியைச் சொன்னார். மரக்காணம் மார்ட்டினைத் தெரியுமா, என் பையன் என்றேன். அந்த மனிதர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அய்யா, மார்ட்டின் எனக்கு விட்டுக்குடுத்த லீவுலதான் நான் ஊருக்கு வந்து பொண்ணு நிக்காவை முடிச்சேன். நானா கேக்கல. நீ போயிட்டு வா பாய், எங்கப்பா என்னை வரவேணாம்னு சொல்லிட்டாருன்னு அவனாதான் குடுத்தான்." போன வருடமும் உன் முறையை ஒரு கேரளாக்காரனுக்கு அவன் பெண்டாட்டி பிரசவத்துக்கென்று கொடுத்தாயாமே. நான் என்னவோ ஒவ்வொரு தடவையும் லீவு தராத உன் மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தேன், கோயிலில் முழங்காலில் நின்றுகொண்டு கூடத் திட்டியிருக்கிறேன், அந்த ஆள் பாவம்.

வண்டியை எடுத்து வந்தேன், எப்படி வந்தேன் என்று தெரியாது. உப்பளம் தெரிகிற இடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். எழுத வெட்கமில்லை, அழுதேன். அம்மா செத்த அன்று நான் போனில் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று ஐப்பசி மழை, கரண்ட் இல்லை, ரோட்டில் முழங்கால் தண்ணீர், நீ டிக்கெட் கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்றாய், இனி வைத்திருக்க முடியாது என்று சாமியார் சொன்னார், சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டோம். கல்லறையிலிருந்து வந்து ஈரத்தோடு நிற்கும்போது நீ கூப்பிட்டு, நான் கிளம்பி வர்றேன்பா என்றாய். "எல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே நீ வந்து என்ன பண்ணப்போற, அங்கயே இரு" என்று சொல்லிவிட்டேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை, கையில் போன் இருந்தது, அதில் நீ இருந்தாய், உன் மேல் விழுந்தது. சொன்னதை நான் அந்த வாரமே மறந்துவிட்டேன். நீ இரண்டு வருடமாக அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டிருக்கலாமேடா. நீயும் என்னைப் போலத்தான், ரோஷக்காரன், யாரைச் சொல்லி என்ன.

திங்கட்கிழமை மாதா பிறந்தநாள், பூசை முடிந்து நேராகத் தட்சணாமூர்த்தி கடைக்குப் போய்க் கோடு போட்ட டயர் வேண்டாம், பால்காரர் டயரையே போடுங்கள் என்றேன். கிறிஸ்துமஸுக்குப் பையன் வரவில்லையா என்று கேட்டார். தெரியவில்லை, அதனால்தான் என்றேன். உள்ளதைச் சொல்கிறேன், அப்போது என் கணக்கு அதுதான், இவன் இனி வரமாட்டான், நமக்குக் கோட்டக்குப்பம்தான் கதி, நாள்பட ஓடுகிற டயராக இருக்கட்டும் என்று. நாலு எண்ணைப் பார்த்துப் புது டயர்தான் என்று நானே படித்துத் தெரிந்துகொண்டேன். துருப்பிடித்த ஆறு ஸ்போக் கம்பியை மாற்றினார், உப்பளத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் சக்கரத்தைக் கழுவச் சொன்னார், காற்று அளவாக அடித்தார். ஓட்டிப் பார்த்தேன், ஹேண்டில் கனக்கத்தான் செய்கிறது, தோள்பட்டையில் வலி தெரிகிறது. ஆனால் ரோட்டைக் கெட்டியாகப் பிடிக்கிறது. வரவேண்டாம் என்று சொன்ன நானே வா என்றும் சொல்லலாமே என்று வழியில் தோன்றியது. கடைக்குத் திரும்பி வந்து இறங்கும்போது, இந்த டயர் மீனம்பாக்கம் ஏர்போர்ட் வரைக்கும் போய்த் திரும்புமா என்று கேட்டேன். பத்துத் தடவை போகலாம் என்றார். பின்தட்டில் சாய்ந்து உட்கார ஒரு பலகை அடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன், பெட்டி வைக்கவும் இடம் இருக்கும். நான் ஓட்டப் பின்னால் உட்கார உனக்குக் கூச்சமாக இருந்தால் நீயே ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். உன் வண்டிதானே.

கலிமுல்லா பாயிடம் இந்தக் கடிதத்தோடு நெத்திலிக் கருவாடும் கொடுத்திருக்கிறேன், சகாயசெல்வி நாலு கவர் போட்டுக் கட்டிக் கொடுத்தது, ரூமில் நாற்றம் அடிக்காது. லீவு விஷயத்தை என்னிடம் சொன்னதற்கு அவரைக் கோபிக்காதே, நல்ல மனிதர். அவர் மகளுக்கு நீ செய்தது பெரிய காரியம், உன் அம்மா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பாள், நான் தட்சணாமூர்த்தியிடம் மட்டும் சொன்னேன். வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள், தண்ணீர் குடி, ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் கோயிலுக்குப் போ. மாதா உன் கூடவே இருப்பாள், அம்மாவும் இருப்பாள், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. நான் அன்று சொன்னது தப்பு. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்: அடுத்த லீவு உன் முறை வரும்போது அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.

இப்படிக்கு,
உன்னை வரச் சொல்லி எழுதும்
உன் அப்பா
சிலுவைமுத்து